உடுத்தாத சட்டையின் அழுக்கு

தம்பியைக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போன ஆறாம் நாளிலிருந்து, வீட்டு ஆணியில் தொங்கிய அவனுடைய வெள்ளைச் சட்டை யாரும் உடுத்தாமலே தினமும் அழுக்காகத் தொடங்கியது. முதல் நாள் காலரின் உள்பக்கம் வியர்வைக் கோடு மட்டும். மறுநாள் மார்பில் பால் சிந்திய கறை. அதற்கடுத்த நாள் இரண்டு முழங்கைகளிலும் புழுதி, தரையில் ஊன்றி எழுந்தவனுடைய சட்டையில் இருப்பது போல. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி வையுங்கள், தெருப் புழுதியாக இருக்கும் என்றார். ஜன்னலைச் சாத்தியும் சட்டை அழுக்காயிற்று. பால் எந்த ஜன்னல் வழியாக வரும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது வாரம் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றிவிட்டார்கள், எல்லோருக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது.

அந்த வீட்டில் மிச்சமிருந்தவள் அவனுடைய அக்கா ஒருத்திதான். ஸ்டேஷன் ரோட்டுச் சலவை நிலையத்தில் பதின்மூன்று வருஷமாகக் கறைப் பகுதியில் வேலை பார்த்தாள். லாண்டரியக்கா என்றால்தான் தெருவில் தெரியும். துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால் அவள் மேஜைக்கு வரும். எது மை, எது துரு, எது மருந்து, எது ரத்தம், ரத்தமென்றால் இன்றையதா நேற்றையதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். அந்த மேஜைக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் துணியின் பையைத் துழாவி உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். மறந்துபோன ஒரு பேனா நாற்பது உருப்படியைப் பாழாக்கிவிடும் என்பதால் முதலாளி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். பதின்மூன்று வருஷத்தில் அவள் கை ஒரு பையைக்கூடத் துழாவாமல் விட்டதில்லை. தன்னுடைய பையில் பஸ் டிக்கெட் இருந்தால்கூட வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உடம்புக்குத்தான் அந்த வயது, மனசுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. வாயில் வந்த வார்த்தை பத்துப் பன்னிரண்டு, அதில் பாதி அக்கா. வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை மேலே பட விடமாட்டான். ஒரு சட்டை பிடித்துவிட்டால் கழற்றமாட்டான், கழற்றினால் வீடு இரண்டாகிவிடும். அதனால் அப்பா தையல்காரரிடம் சொல்லி ஒரே துணியில், ஒரே அளவில், ஒரே மாதிரிப் பொத்தான் வைத்து இரட்டையாகத் தைத்து வாங்குவார். ஒன்று தண்ணீரில் இருக்கும்போது மற்றது அவன் மேல் இருக்கும். அது வேறு சட்டை என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அவனைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஒன்று அவன் உடம்பில் இருந்தது. மற்றது ஆணியில் இருந்தது.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை ஒட்டி ஐந்து கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். தனக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரிந்ததும், பிள்ளைகள் இரண்டு பேருக்குமாக அந்தக் கடைகளை டிரஸ்டாக எழுதி, தன் தம்பியைப் பொறுப்பாளராகப் போட்டார். மகள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவள் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றக்கூடாது என்று நினைத்தார். அந்தச் சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்க்ரூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் என்று பேர். அதே கையோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் வாய் திறக்காத மனிதர். இருப்பு எவ்வளவு என்று வெளியே சொன்னால் அன்றைக்கே கேட்டு வந்து நிற்பார்கள் என்பது அவருடைய தொழில் ரகசியம். மானேஜர் கேட்டாலே சீட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னவர். அண்ணன் செத்த மறுநாள் பத்திரத்தைத் தன் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் தம்பியைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா பார்த்துக்கொண்டார். ஒருநாள் டீச்சரம்மா குளிக்கப் போயிருந்தபோது அவன் வெளியே நடந்து மெயின் ரோட்டின் நடுவில் போய் நின்றுவிட்டான். இரண்டு பஸ்கள் நின்றன, ஒரு சைக்கிள்காரர் விழுந்தார், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி சித்தப்பா காதுக்குப் போயிற்று. அடுத்த புதன்கிழமை, அக்கா வேலையில் இருந்த நேரத்தில், வேன் வந்தது. அவள் திரும்பி வந்தபோது மேஜை மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நல்ல இடத்தில் சேர்த்திருக்கிறேன், கவலை வேண்டாம், இப்படிக்கு. கீழே கையெழுத்தும் தேதியும், ஸ்டோரில் சரக்கு வெளியே போகும்போது போடுவது போலவே.

அன்றைக்கே அவள் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவர் காபி கொடுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், இடம் எது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"எங்கே சித்தப்பா வச்சிருக்கீங்க? ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"நீ போய் நின்னா அவன் உன் கூடவே வரேன்னு அழுவான். நீயும் கூட்டிட்டு வந்துடுவ. மறுபடியும் ரோட்டுல போய் நிப்பான். அதுக்கா உங்கப்பா என்னை நம்பி எழுதி வச்சாரு?"

"பத்திரத்தையாவது காட்டுங்க. எனக்கும் சேர்த்துத்தானே எழுதியிருக்காரு."

"உனக்கு மாசாமாசம் வருதுல்ல? அதுல ஒரு பைசா குறைஞ்சா அப்ப வந்து கேளும்மா."

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் பிடி கொடுத்திருப்பார். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று முழுசாக நம்பிய மனிதரிடம் மோதுவதற்குச் சுவரில் மோதலாம்.

அவள் கடிதம் எழுதத் தொடங்கினாள். முதலில் சித்தப்பாவுக்குச் சாதாரணத் தபாலில், பிறகு பதிவுத் தபாலில். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு தவறாமல் வந்தது, பதில் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு நாற்பதைத் தாண்டியபோது கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். வக்கீலம்மா கேட்டுவிட்டு, இது ரொம்பச் சுலபம் என்றார். டிரஸ்டின் பயனாளிக்குப் பத்திரத்தைப் பார்க்க உரிமை உண்டு, கணக்கைக் கேட்க உரிமை உண்டு, கணக்கைக் கொடுத்தால் எந்தக் காப்பகத்துக்கு மாதாமாதம் பணம் போகிறது என்று அதில் தானாக வந்துவிடும், பேரும் விலாசமும் கையில் கிடைத்துவிடும், ஆறு மாதத்தில் தம்பியைப் பார்க்கலாம் என்றார். அக்கா அழுதே விட்டாள். அந்தச் சுலபமான வழக்கு பதினோரு வருஷம் நடந்தது. அவள் வக்கீலுக்கு டிரஸ்டில் அவளுக்கு வந்த பங்கிலிருந்து கொடுத்தாள். சித்தப்பா தன் வக்கீலுக்கு டிரஸ்டிலிருந்தே கொடுத்தார், சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆக அப்பா கட்டிய ஐந்து கடைகளும் இரண்டு பக்கமும் வாதாடின.

இதற்கிடையில் சட்டை தன் வேலையை நிறுத்தவில்லை. கணக்குக் கொடுக்கவேண்டியவர் கொடுக்காததால், கொடுத்த ஒரே கணக்கு அதுதான். அக்கா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் மாலையில் சட்டையை விளக்கடியில் விரித்து வைத்துப் பார்த்து எழுதினாள். தேதி, கறை, இடம். இன்று பால், மார்பில். இன்று சுண்ணாம்புத் தூள், முதுகில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். இன்று டிங்சர், இடது கையில், விழுந்திருக்கிறான். இரண்டாம் மாதத்திலிருந்து சட்டையின் முன்பக்கம் முழுக்கக் குறுக்கே நான்கு துருக் கோடுகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இரும்புக் கேட்டில் சாய்ந்து நிற்கிறான் என்று எழுதினாள். துரு ஆழமாகப் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் அப்படிப் பதியாது, மணிக்கணக்காக நிற்க வேண்டும். அதையும் எழுதினாள். எழுதிவிட்டு எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் துருவை எடுத்தாள், துவைத்தாள், காயப்போட்டாள், காலை ஆறு மணிக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஒரு வருஷம் கழிந்தபின் பையிலும் ஏதாவது இருக்கத் தொடங்கியது. ஒரு சோடா மூடி. சாக்பீஸ் துண்டு. காய்ந்த இலை. கடித்து மீதி வைத்த பிஸ்கட். இதில் அதிசயப்பட அவளுக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், கையில் கிடைத்ததை அவளுக்கென்று பையில் போட்டு வைப்பான். எல்லாவற்றையும் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்தாள். ஒருநாள் வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது, ஈரத்தில் பாதி கரைந்து, வாயில் போட்டுத் துப்பியது போல. மருந்துக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூங்க வைக்கிற மாத்திரை, பெரிய ஆளுக்குக் கொடுப்பது என்றார். அதையும் தேதி போட்டு எழுதினாள். அதற்குப் பிறகு பல நாட்கள் சட்டையில் துருக் கோடே இல்லாமல், முதுகு மட்டும் கசங்கி வந்தது. அந்த நாட்களை நோட்டில் படுக்கை என்று எழுதினாள்.

விடுமுறை நாட்களில் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த காப்பகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள். செருப்பு தேய நடந்தாள் என்று சும்மா சொல்வார்கள். அவளுக்கு உண்மையாகவே மூன்று ஜோடி தேய்ந்தது. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான். சேர்த்தவருடைய கடிதம் இல்லாமல் உள்ளே இருப்பவர்களின் பேரைச் சொல்ல முடியாது. மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு காப்பகத்தின் முன்கதவில் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டாள். காவலாளி, இதெல்லாம் நோயாளிகள் இருக்கிற இடம், சத்தம் போடாதீங்க என்று அனுப்பிவிட்டார். அன்று மாலை சட்டையின் வலது தோள் கிழிந்திருந்தது. இழுபட்ட கிழிசல், ஒருவன் ஒரு பக்கமாக ஓடப் பார்த்து இன்னொருவர் பிடித்து நிறுத்தினால் தையல் அப்படித்தான் விட்டுப்போகும். தேதி போட்டு எழுதிக்கொண்டாள். உள்பக்கமாகப் பொடித் தையல் போட்டுத் தைத்தாள். இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, ஊரில் அத்தனை காப்பகம் இருந்தது.

ஐந்தாம் வருஷம் வழக்கு ஒருவழியாக வாதத்துக்கு வந்தது. நோட்டை மட்டும் கொடுத்தால் கற்பனை என்பார்கள், சட்டையையே கொண்டுவாருங்கள், ஐயா கண்ணால் பார்க்கட்டும் என்றார் வக்கீலம்மா. அக்கா கொண்டுபோனாள். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, சலவை நிலையத்தில் கல்யாணத் துணிக்குச் செய்வது போல. நீதிபதி பிரிக்கச் சொன்னார். குமாஸ்தா பிரித்துத் தூக்கிப் பிடித்தார். பால் போல வெளுத்து, லேசாகக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத சட்டை.

"இதுல கறை எங்கம்மா இருக்கு?" என்றார் நீதிபதி.

"துவைச்சுட்டேங்கய்யா."

"எதுக்கும்மா துவைச்சீங்க?"

"கோர்ட்டுக்கு எப்படிங்கய்யா அழுக்குத் துணியைக் கொண்டுவர்றது?"

கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தார், சித்தப்பாவின் வக்கீல் சிரித்தார், வழக்கு நடந்த பதினோரு வருஷத்தில் அந்த அறையில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நிமிஷந்தான். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்குத் தான் செய்தது அப்போதும் தவறாகப் படவில்லை, சபை நடுவில் தம்பியின் அழுக்கை எப்படி விரித்துக் காட்டுவது என்றே மறுபடி மறுபடி சொன்னாள். சட்டை சுத்தமாக உள்ளது என்று பதிவாயிற்று. சித்தப்பாவின் வக்கீல் எழுந்து, பயனாளி நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறார் என்பதற்கு எதிர்த்தரப்பே சாட்சி கொண்டுவந்திருக்கிறது என்றார். அடுத்த வாய்தா எட்டு மாதம் கழித்துப் போட்டார்கள்.

ஆறாம் வருஷம் நீதிபதி மாறினார். ஏழாம் வருஷம் வழக்குக் கட்டு காணாமல் போய், பிறகு அதே அலமாரியில் இருந்தது. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் இரண்டு வாய்தா, அவர் வக்கீலின் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாய்தா. சட்டையின் காலர் தேய்ந்து நூல் பிரிந்தது. அக்கா அதைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தாள், இன்னும் நான்கு வருஷம் தாங்கும். தலைமுடி நரைத்தது, அதைத் திருப்பித் தைக்க வழியில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்து, இது யாருடையது, இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் நல்லபடியாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார், அப்புறம் வரவில்லை.

எட்டாம் வருஷத்தின் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலை முடிந்து வந்தபோது சட்டை காலையில் மாட்டிய மாதிரியே இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். காலரில் வியர்வை இல்லை. பையைத் துழாவினாள், ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லாமல் சட்டையைக் கழற்றிப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே சுத்தமான சட்டையைத் துவைத்துப் போட்டாள். புதன் அப்படியே இருந்தது. வியாழனும் அப்படியே. பத்தாம் நாள் நோட்டில் சுத்தம் என்று எழுதி அடியில் கோடு போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, இதைக் கோர்ட்டில் சொல்லாதீங்க, அவர் இல்லை என்று நாமே சொன்னால் பார்க்கக் கேட்கிற பேச்சே அடிபட்டுப் போகும், அதற்குமேல் நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது, சட்டை சுத்தமாக இருக்கிறது என்றா சொல்வது என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அதன் பிறகும் எல்லா வாய்தாவுக்கும் போனாள், எல்லா மாலையும் சட்டையைத் துவைத்தாள். தண்ணீர் தெளிவாகவே வடிந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒருநாள், இப்போதுதான் அழுக்காகவில்லையே, பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்டார். பழக்கம் என்றாள்.

பதினோராம் வருஷம் தீர்ப்பு வந்தது. முப்பத்தாறு பக்கம். டிரஸ்டைப் பற்றி அறிந்துகொள்வது பயனாளியின் அடிப்படை உரிமை, பொறுப்பாளர் தன் விருப்பம்போல் அதை மறுக்க முடியாது, முப்பது நாளுக்குள் பத்திரத்தின் நகலும் முழுக் கணக்கும் கொடுக்க வேண்டும், இனி ஒவ்வொரு வருஷமும் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அழகான தீர்ப்பு. இப்போது மற்ற வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று கேள்வி. வக்கீலம்மா எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

சித்தப்பா முப்பதாம் நாள் தானே கொண்டுவந்தார். எண்பது வயது, கைத்தடி, அக்குளில் பச்சைக் கோப்பு. உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள். அவர் கோப்பை மேஜை மேல் வைத்து அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒரு பைசா நான் தொடல."

"தெரியும் சித்தப்பா."

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கே கிளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். கேஸ் நடக்கும்போது எதிர்த்தரப்புக்கிட்ட எதுவும் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. திரும்பிப் போயிட்டேன்."

எதைச் சொல்ல வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காபியைப் பாதி குடித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று சீட்டை நீட்டினார். போட்டுக் கொடுத்தாள். வாசல்படி இறங்கும்போது அவர் ஆணியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கைத்தடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கோப்பு உண்மையிலேயே சரியாக இருந்தது. அவள் பதினோரு வருஷம் கேட்டது எல்லாம் அதில் இருந்தது, ஒன்று விடாமல். காப்பகத்தின் பேர், விலாசம், பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். அவள் தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி தேதியாக ஒத்துப் பார்த்தாள். மூன்றாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமையில் கோப்பில் ஒன்றும் இல்லை, நோட்டில் வலது தோள் கிழிசல் என்று இருந்தது. அந்த இடத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் தங்குவதற்கு, மருந்துக்கு, சலவைக்கு என்று மூன்று வரிகள் வந்துகொண்டே இருந்தன. எட்டாம் வருஷத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமையில் அந்த மூன்றும் நின்று, இறுதிக் காரியம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரி வக்கீல் கட்டணம். அவளுடைய தம்பி செத்த செய்தி அவளுக்கு இப்படித்தான், முறைப்படி, இரண்டு செலவுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கோர்ட்டு முத்திரையைப் பார்த்ததும் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். பின்பக்கத்தில் இன்னொரு கேட் இருந்தது, சாலையைப் பார்த்தபடி. நான்கு குறுக்குக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாண். அவள் போய் அதில் சாய்ந்து நின்று பார்த்தாள். அங்கிருந்து பஸ் நிறுத்தம் நன்றாகத் தெரிந்தது. தம்பி இருந்த கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆயா இன்னும் அதே வேலையில் இருந்தார். பேரைச் சொன்னதும் அவருக்கு விளங்கவில்லை. சட்டையைச் சொன்னதும் விளங்கிவிட்டது.

"வெள்ளைச் சட்டையா? அவரோட அக்காவா நீங்க? அவரு சட்டையை நாங்க ஒரு நாள்கூட துவைச்சதில்லைங்க. சாயங்காலம் அவரு கண் அசந்ததும் கழட்டி கட்டில் கம்பில போடுவேன். காலைல பாத்தா துவைச்சு இஸ்திரி போட்டிருக்கும். தொட்டா சுடும். மொதல்ல பயந்துட்டேன். இருபத்தேழு கட்டிலுங்க எனக்கு, ஒரு வேலை மிச்சம்னு விட்டுட்டேன். சூடா இருக்கும்போதே எடுத்து மாட்டிக்குவாரு. அந்தச் சூடு ஆறுற வரைக்கும் யாரு சொன்னாலும் கேப்பாரு."

எட்டு வருஷத்துச் சலவைச் செலவு கோப்பில் மாதம் தவறாமல் எழுதியிருந்தது அக்காவுக்கு அப்போது நினைவுக்கு வந்தது, ஆனால் அதற்குக் கோபப்படக்கூட மனசில் இடம் இல்லை. துவைத்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தினமும். ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆயா அலமாரியைத் திறந்துகொண்டே பேசினார்.

"ஒரு பழக்கம் இருந்துச்சுங்க அவருக்கு. சட்டையை மாட்டினதும் மொத வேலையா பைல கைய விட்டுத் துழாவுவாரு. ஒண்ணும் இருக்காது. வெறுங்கையை எடுத்து என்கிட்ட காட்டுவாரு, அக்கா அக்காம்பாரு. நாளைக்கு வரும்பா, நாளைக்கு வரும்னு நானும் சொல்லுவேன். சாயங்காலம் அவரே எதையாவது பொறுக்கி உள்ள போட்டு வைப்பாரு. காலைல அது இருக்காது, அதுல ஒரு சிரிப்பு. மறுபடியும் துழாவுவாரு. கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்."

அவரைக் கடைசியாக அனுப்பும்போது காப்பகத்துத் துணியைத்தான் போட்டார்கள், இதை வீணாக்க மனசு வரவில்லை என்று சொல்லி ஆயா மடித்த சட்டையைக் கையில் கொடுத்தார். காலர் திருப்பித் தைத்திருந்தது. வலது தோளில் உள்பக்கமாகப் பொடித் தையல். அவளுடைய தையல்தான், அவளுடைய நூல்தான்.

ஆயாவுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். கட்டில் அட்டைகளை எழுதுவதே அவர்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசத்தை எழுதிப் பையில் போட்டிருந்தால் போதும். ஒரு பொத்தானைப் போட்டிருந்தால்கூடப் போதும், விலாசம் அவனுக்கு எதற்கு. சித்தப்பாவுக்கு நாற்பதுக்கு மேல் கடிதம், கோர்ட்டுக்கு எத்தனை மனு என்று அவளுக்கே தெரியாது, ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குத் தன் கையில் இருந்த பையில் அவள் ஒன்றுமே போடவில்லை. பை என்றால் காலி செய்ய வேண்டியது என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழுததைக் கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் போனார்.

வருஷக் கணக்கு இப்போது கேட்காமலே வந்துவிடுகிறது. சித்தப்பா இறந்த பிறகு அவருடைய மகன் அனுப்புகிறான், தேதி தவறுவதில்லை. அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைக்கிறாள். ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள், நடுவில் ஒரு முழ இடைவெளி. காலையில் வேலைக்குப் போகும் முன்னால் பவுடர் டப்பாவிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து, ஒருநாள் சோடா மூடி, ஒருநாள் காய்ந்த இலை, எப்போதும் வீட்டிலேயே இருந்த சட்டையின் பையில் போடுகிறாள். மாலையில் வந்து பார்த்தால் அது பக்கத்துச் சட்டையின் பையில் இருக்கிறது. ஒருநாளும் தவறியதில்லை. எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு சட்டைகளையும் துவைக்க எடுத்துப் போகிறாள்.